ஒன்பது பேரை ஒரே அறையில் உட்கார வைத்தது அவர்கள் தப்பு

எங்கள் கம்பெனியில் நல்ல வேலைக்காரி என்றால் வாயைத் திறக்காதவள் என்று அர்த்தம். நான் நாலு வருஷம் நல்ல வேலைக்காரியாக இருந்தேன். ஒரு ஆயுத பூஜையன்று எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, "இந்தம்மா இருக்கிற எடமே தெரியாது" என்று பாராட்டி ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள். நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பிறவியிலேயே நான் அப்படி இல்லை. கொரட்டூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்றால் முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறவள் நான்தான். ரேஷன் கடையில் எடைக்கல்லை முறைத்துப் பார்க்கிறவளும் நான்தான். ஆனால் காலையில் ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனான பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் போய் நீலக் கோட்டை மாட்டினேன் என்றால் போதும், அந்தப் பெண் எங்கோ போய்விடுவாள். சாயங்காலம் திரும்பி ரயிலேறும்போதுதான் வருவாள்.

எங்கள் பகுதிக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்று பேர். நீளமான ஒரு மேஜை, ஒன்பது ஸ்டூல், ஒன்பது பெண்கள். பைக்கின் பிரேக் பெடலில் மாட்டுகிற புஷ் என்ற சின்ன இரும்பு வளையம் எங்களிடம் வரும். அதன் ஓட்டை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அதற்குக் கேஜ் என்று ஒரு கருவி. விரல் நீளத்துக்கு ஓர் உருளை, இரண்டு முனை. ஒரு முனை ஓட்டைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போக வேண்டிய முனை அதன் சொந்த எடையிலேயே, கையை விட்டால் தானாக இறங்க வேண்டும். அமுக்கக் கூடாது. ஓட்டை இறுகலாக இருந்தால் பெடல் மாட்டிக்கொள்ளும், மிதித்த பிரேக் காலை எடுத்த பிறகும் மேலே வராது. பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையோடு எவனோ ஒருவன் ரோட்டில் விழுவான். இவ்வளவுதான் எங்கள் வேலை. மூளைக்குப் பெரிய வேலை இல்லை என்று சொல்வார்கள், அது பொய்.

ஏனென்றால் இறுகலான பீஸைச் சிவப்பு ட்ரேயில் ஒதுக்கி வைத்தால் உடனே மிஷின் பக்கத்திலிருந்து ஒரு ஆபரேட்டர் வந்து நிற்பார். "இன்னாம்மா, நா போட்ட பீஸ பூரா தூக்கி செவப்பு ட்ரேல போட்டுக்கினு கீற? கொஞ்சம் அமுக்கினா போவுது பார்" என்று கேஜை என் கையிலிருந்தே பிடுங்கி அமுக்கிக் காட்டுவார். அவர் போனதும் எங்கள் இன்சார்ஜ் வருவார். ஒதுக்கின பீஸ் யாரிடம் அதிகமோ அவளுக்குத்தான் கை சரியில்லை என்பது அவர் சித்தாந்தம். பீஸ் சரியில்லை என்று ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை.

அப்போது நான் கண்டுபிடித்ததுதான் தலையெண்ணெய். தொப்பி போடுகிற பழக்கமெல்லாம் எங்கள் கம்பெனியில் கிடையாது. காலையில் தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போன தலை. கட்டைவிரலை வகிட்டோரம் ஓர் இழுப்பு இழுத்து, அதைக் கேஜின் முனையில் தடவி, ஓட்டையில் வைத்து ஓர் அமுக்கு, ஒரு திருகு. எப்பேர்ப்பட்ட இறுகலான ஓட்டையிலும் வழவழவென்று இறங்கிவிடும். சிவப்பு ட்ரே காலியாக இருக்கும். ஆபரேட்டர் வர மாட்டார். இன்சார்ஜ் வர மாட்டார். தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். டிபன் கேரியர் வந்தது அதற்குத்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மேஜைக்கு நேர் மேலே கேமரா. இன்சார்ஜ் டீக்கடையில் நின்றுகொண்டே செல்போனில் எங்களைப் பார்ப்பார். உதடு அசைந்தால் போன் வரும். சாப்பாட்டுக்கு மூன்று மூன்று பேராகத்தான் விடுவார்கள், அதுவும் இன்றைக்கு என்னோடு சாப்பிட்டவள் நாளைக்கு வேறு செட்டில் இருப்பாள். "தவளை தன் வாயால கெடும்மா" என்பது அவர் தினமும் சொல்கிற மந்திரம். வீட்டிலும் அதே பாட்டுத்தான். என் வீட்டுக்காரர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஏறுகிற பத்துப் பேரிடமும் பத்து ஊர்க்கதை பேசுகிற மனுஷன். அவர் எனக்குச் சொல்வார்: "ஒனக்கு இன்னாத்துக்கு வம்பு? வாய மூடிக்கினு ஒயுங்கா வேலையப் பாத்துட்டு வா." நாள் பூரா ஓயாத வாய் எனக்கு மௌனத்தைப் போதித்தது!

அந்த நிலையில்தான் கடைசி ஸ்டூலுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். சென்னீர்குப்பத்துக்காரி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் அப்பா அம்மா நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். "எங்கம்மா நாத்து நட்ட எடத்துல இப்ப கார் ஷோரூம்க்கா. அங்கயே ரெண்டு வருசம் கார் தொடச்சேன்" என்று முதல் நாளே, அதுவும் கேமராவுக்குக் கீழே, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள். நான் தலையை இன்னும் குனிந்துகொண்டேன். அவளுக்கு ஒரு மகள், ஏழு வயது. அடிக்கடி வலிப்பு வருகிற பிள்ளை. இங்கே ஆறு மாசம் தாக்குப்பிடித்து நிரந்தரப் பட்டியலில் பேர் ஏறினால் மருத்துவ அட்டை தருகிறோம், அதில் பிள்ளைக்கும் மாத்திரை கிடைக்கும் என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்திருந்தார்கள். அந்த அட்டைக்காகத்தான் அவள் விடிகாலையில் எழுந்து மூன்று வண்டி மாறி வந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலை பழக்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழக்குவது என்றால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது. அவ்வளவுதான். விளக்கம் கிளக்கம் ஒன்றும் கிடையாது.

"யக்கா, இது போவாம நிக்குது பார். இத்த இன்னா பண்றது?"

"ஸ்ஸ்."

"இன்னாக்கா ஸ்ஸு? கேட்டாத்தான தெரியும்?"

நான் கண்ணால் மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்ப என்னைப் பார்த்தாள். அன்றைக்கு இன்னும் நாலு கேள்வி கேட்டாள். மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா, பழகிவிட்டாள் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். எனக்கு நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய நிம்மதி அது.

அவளுக்கு ஆறு மாசம் முடிய மூன்று வாரம் இருந்தது. எங்கள் புஷ்ஷை வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஒரு லோடு திரும்பி வந்தது. பெடல் மாட்டிக்கொள்கிறதாம். மறுநாளே அவர்கள் குவாலிட்டி ஆள் ஒருவர் நேரில் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, கோபமே படாத ஆள். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். இன்சார்ஜ் காலையிலேயே எங்களிடம், "எவளும் வாயத் தொறக்கக் கூடாது. கேட்டா எஸ் சார், அவ்ளோதான்" என்று சொல்லியிருந்தார்.

வந்தவர் மேஜையைச் சுற்றி நடந்தார். எங்கள் கை எல்லாம் அன்றைக்கு மேஜையை விட்டு மேலே எழவே இல்லை. தலைப் பக்கம் ஒரு விரல் போகவில்லை. கடைசி ஸ்டூலில் போய் நின்றார்.

"நீங்க எப்படிப் பாக்கறீங்கன்னு கொஞ்சம் செஞ்சு காட்டுங்கம்மா."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு பீஸை எடுத்துத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். அப்புறம் கட்டைவிரலை முன்வகிட்டிலிருந்து உச்சி வரைக்கும், அவசரமே இல்லாமல், இரண்டு தரம் இழுத்தாள். கேஜின் முனையைச் சுற்றித் தடவினாள். ஓட்டையில் வைத்தாள். ஓர் அமுக்கு, ஒரு திருகு. பரீட்சையில் கணக்கை முதலில் முடித்த பிள்ளை மாதிரி அவரைப் பார்த்தாள்.

"ஓகே சார்."

"தலைல கை வெச்சீங்களே, அது எதுக்கும்மா?"

"எண்ணைக்கி சார். எண்ண தொடாம கேஜ் போடக் கூடாதுல்ல?"

இன்சார்ஜ் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "யாரு? யாரு ஒனக்கு இத்த சொல்லிக் குடுத்தது?" என்று பாய்ந்தார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். நானாத்தான் பாத்துக் கத்துக்கினேன்."

அது முழு உண்மை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் சொன்ன பதில் இல்லை. அவளுக்கு நாங்கள் எல்லாரும் சரியாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு அவள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் எட்டுப் பேரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஸ்டூலில் இருந்த நான் ஏற்கெனவே எண்ணி முடித்த பீஸ்களை மறுபடி எண்ண ஆரம்பித்தேன். ஆமாம், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கொரட்டூர் தண்ணீர் லாரியிடம் காட்டுகிற வீரமெல்லாம் எங்கே போயிற்றோ.

"டோக்கனக் கழட்டிக் குடும்மா" என்றார் இன்சார்ஜ். கழுத்தில் தொங்குகிற நம்பர் போட்ட அட்டையைத்தான் டோக்கன் என்போம். அது இல்லாமல் மேஜையில் உட்கார முடியாது. "மேனேஜர் வந்து முடிவு பண்ணுவாரு. மூணு வாரம்கூட ஒன்ன வெச்சிருக்க முடியாது போல."

அவள் கழற்றிக் கொடுத்தாள். "சார், எம்பொண்ணுக்கு அட்ட வரணும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் வெளியே போயிருந்தார். குமணன்சாவடியில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார், வந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரிப்பார் என்றார்கள். அதுவரைக்கும் யாரும் பீஸைத் தொடக் கூடாது, இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லி, எங்கள் ஒன்பது பேரையும் உடைந்த ட்ரேக்கள் போட்டு வைக்கிற அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார் இன்சார்ஜ். ஒரு ஃபேன் கூடக் கிடையாது. தண்டனை கொடுக்கிற நினைப்பு. ஆனால் அந்த அறையில் கேமராவும் கிடையாது. நாலு வருஷத்தில் எங்கள் மேஜைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்தாற்போல் ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு இது தோன்றவில்லை பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டார்.

உள்ளே போனதும் எங்கள் கண் தானாகக் கூரையில் கேமராவைத் தேடியது. பழக்க தோஷம். அப்புறம் சென்னீர்குப்பத்துக்காரி மூக்கைச் சிந்திவிட்டு என்னைக் கேட்டாள்.

"யக்கா, அது ரூலு இல்லியா?"

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"நீ பண்ணத பாத்துத்தானக்கா நா பண்ணேன்? மொத நாளே பாத்தேன். பீஸ எடுக்க சொல்லோ தலையத் தொடுவ. நீ ஏதோ சாமி கும்புட்டுக்கினு ஆரம்பிக்கறன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா வரிசையா எல்லாருமே தொடறாங்க. சரி, இதான் இங்க மொற போலன்னு நானும் தொட்டேன். ஊட்ல எண்ண இல்லன்னா பக்கத்து ஊட்ல கேட்டு வெச்சிக்கினு வருவேன், வேல கெட்டுப் போவக் கூடாதுன்னு."

"நான்தான்டி தப்பு பண்ணேன்" என்றேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கோட்டுக்குள்ளிருந்து வந்த என் சொந்தக் குரல். "ஒன் தப்பு ஒண்ணும் இல்ல. பீஸு டைட்டா வந்துச்சு, திட்டுக்குப் பயந்துக்கினு எண்ணத் தடவி ஏத்தினேன். எனக்கு மட்டும்தான் இந்த வித்த தெரியும்னு இருந்தேன்."

"உனக்கு மட்டுமா?" என்றாள் ஆவடிக்காரி. ராணுவத் தளவாட ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவள், திருநெல்வேலிப் பக்கம், அதிர்ந்து பேச மாட்டாள். "நான் வந்த வருஷத்துலருந்து செய்யறேன். பேனுக்காக ஒரு வாரம் வேப்பெண்ணெய் வெச்சிருந்தேன். அந்த வாரம் பூராவும் கேஜ் நாறிச்சு. கண்டுபிடிச்சுருவாங்கன்னு செத்துப் போய்ட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அடைத்து வைத்த மதகைத் திறந்தாற்போல் ஆயிற்று. ஒருத்தி பாக்கியில்லை. எட்டுப் பேரும் எண்ணெய்க்காரிகள். எட்டுப் பேரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தவர்கள். எட்டுப் பேரும் தன் கைதான் சரியில்லையோ என்று தனியாகப் பயந்து செத்தவர்கள்.

அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "எனக்கு சனிக்கிழமைதான் ரொம்ப இறுகும்" என்றாள் ஆவடிக்காரி. "சனிக்கெழம மட்டும் இல்ல, பச்ச ட்ரேல வர்றதுதான் டைட்டு. வெள்ளியும்தான்" என்றாள் இன்னொருத்தி. பச்சை ட்ரே என்றால் இரண்டாவது மிஷின். அந்த மிஷின் பக்கம் தன் கொழுந்தனார் வேலை பார்க்கிற மூன்றாமவள் சொன்னாள்: "அதுல ரீமர திங்கக்கெழமதானே மாத்தறாங்க?" ரீமர் என்பது ஓட்டையைக் கடைசியாகக் குடைந்து அளவுக்குக் கொண்டுவருகிற வெட்டுளி. அது தேய்ந்தால் ஓட்டை சின்னதாகும். திங்கட்கிழமை புதிது, சனிக்கிழமை மொட்டை. எங்கள் கையிலும் கோளாறு இல்லை, கண்ணிலும் கோளாறு இல்லை. ஆளுக்கொரு துண்டு தெரிந்திருக்கிறது. ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களை யாரும் விடவில்லை, அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இத்தன நாளு எவளுக்கும் தோணலியே!" என்று கத்தினேன்.

"தோணுச்சு" என்றாள் எங்களில் மூத்தவள். அம்பத்தூர் பழைய ஊர்க்காரி, இந்த மேஜையில் எனக்கும் முந்தியவள். என்னை முறைத்துப் பார்த்தாள். "நீ இப்ப குந்திக்கினு கீற ஸ்டூல்ல ஒருத்தி இருந்தாளே, அவ அப்பவே சொன்னா. சனிக்கெழம பீஸெல்லாம் டைட்டா கீது சார், மிஷின பாருங்கன்னு. எல்லார் முன்னாலயும்தான் சொன்னா."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வரக்கூடாது என்று நான் எங்கேயோ போட்டு மூடி வைத்திருந்தது. "இன்சார்ஜுகூட ஒன்ன கேட்டாரு" என்று மூத்தவள் விடாமல் சொன்னாள். "இன்னாம்மா, ஒனக்கும் டைட்டாவா கீதுன்னு. நீ இன்னா சொன்ன?"

இல்லை சார், எனக்கு நல்லாத்தான் போகிறது. இதுதான் நான் சொன்னது. கட்டைவிரலில் எண்ணெயோடு சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கை நிதானம் இல்லை என்று ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். அவள் ஸ்டூல் ஜன்னல் ஓரம் என்பதால் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கவனமில்லாதவள், போய்விட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அவளுக்கு முன்னால் போனவர்களையும் அப்படித்தான் நினைத்தேன். வேலை போனால் போனவள் மேல்தான் தப்பிருக்கும் என்று ஓர் எண்ணம், பழைய சோறு மாதிரி ஊறிக் கிடந்தது எனக்குள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ மட்டும் இன்னா கியிச்ச? நீயும்தான தலையக் குனிஞ்சிக்கினு இருந்த?" என்று மூத்தவளிடம் எகிறினேன்.

"ஆமா, குனிஞ்சேன். அத்தத்தான் சொல்லிக்கினு கீறேன்" என்றாள் அவள். அவள் கண் கலங்கியிருந்தது. உடைந்த ட்ரே மேல் உட்கார்ந்து அழுதேன். சென்னீர்குப்பத்துக்காரி, அவள் வேலையே ஊசலாடுகிறது, எனக்கு முந்தானையை நீட்டினாள்.

அந்த ஸ்டூல்காரி இப்போது குமணன்சாவடியில் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருக்கிறாள். இரண்டு தடவை போய் நின்றேன். முன்னால் நின்றவருக்கு இட்லி கட்டிக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் செய்தது நியாயம். நான் இன்னும் போவேன்.

பயிற்சி பயிற்சி என்று இந்தக் கம்பெனிக்காரர்கள் சுவரெல்லாம் படம் ஒட்டி வைக்கிறார்கள். நான் சொல்கிறேன், அந்த நாற்பது நிமிஷத்தில் கற்றதை நான் எந்தப் படத்திலும் கற்கவில்லை. வாயை மூடினால் கவனம் வருமாம்! வாயை மூடினால் தப்பு மட்டும்தான் கையிலிருந்து கைக்குப் போகும். அது ஏன் தப்பு என்பது போகாது. எங்கள் மேஜையில் நடந்தது அதுதான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மேனேஜர் வந்துவிட்டார். இன்சார்ஜ் கதவைத் திறந்து, "மொதல்ல நீ வாம்மா, தனியா" என்று சென்னீர்குப்பத்துக்காரியைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன்.

"தனியா எல்லாம் வர்றதுக்கு இல்ல சார். ஒம்போது பேரும் வர்றோம்."

"நீயாம்மா பேசற?" அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "வேணாம். தவளை தன் வாயால கெடும்."

"தவள கத்தினாத்தான் சார் மழ வர்றது தெரியும்" என்றேன். பின்னால் எட்டுப் பேர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

போகிற வழியில் மேஜையிலிருந்து இரண்டு ட்ரே எடுத்துக்கொண்டோம். போன சனிக்கிழமை வந்த பச்சை ட்ரே ஒன்று, திங்கட்கிழமை வந்தது ஒன்று. ஆவடிக்காரி ஒரு கேஜை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தலையிலே படாமல் கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அறையில் மேனேஜரோடு அந்தக் கண்ணாடிக்காரரும் இருந்தார். நான் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. திங்கட்கிழமை பீஸை வைத்துக் கேஜை விட்டேன், இறங்கியது. சனிக்கிழமை பீஸில் விட்டேன், நின்றது. இன்னொன்று. நின்றது. "இதுல எண்ணத் தடவி ஏத்துனது நாங்க. எட்டுப் பேரும். எண்ண தடவுற மாதிரி பீஸு அனுப்பினது நீங்க" என்றேன்.

மேனேஜர் கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சிரித்து, "சார், ஒரு காபி சாப்பிட்டு வந்துடுங்களேன்" என்று வெளியே அனுப்பினார். கதவு சாத்தியதும் சிரிப்பும் போய்விட்டது. ஒரு வெள்ளைத்தாளில் அவரே இரண்டு வரி எழுதி என் முன்னால் தள்ளினார். புதிய ஊழியருக்கு நான்தான் தவறான முறையைப் பழக்கினேன் என்பது ஒன்று. இனி வேலை நேரத்தில் யாருடனும் பேச மாட்டேன் என்பது இன்னொன்று.

"கையெழுத்து போடுங்கம்மா. போட்டா இந்தப் பொண்ணு வேலைல இருக்கட்டும், அட்டையும் வரும். இல்லன்னா அவ இன்னைக்கே கெளம்ப வேண்டியதுதான். நீங்களே முடிவு பண்ணுங்க."

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். அவள் வேலைக்கு என் வாயை விலை கேட்டார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, போட்டுவிடுவதென்றே முடிவு பண்ணினேன். அந்த வலிப்புக்காரப் பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அதன் மாத்திரை என் கையெழுத்தில் இருக்கும்போது எனக்கு என்ன வீராப்பு வேண்டிக் கிடக்கிறது?

"போடாதக்கா."

சென்னீர்குப்பத்துக்காரிதான். குரல் உடைந்திருந்தது, ஆனால் தாழ்ந்திருக்கவில்லை. "நீ பேசாம இருந்ததாலதான் நா இங்க வந்து நிக்கறேன். திரும்பியும் பேச மாட்டேன்னு எய்திக் குடுத்துட்டன்னா, நாளிக்கி நா எவளப் பாத்து எத்தக் கத்துக்கறது? அடுத்த தப்புல போவத்தான போறேன்? அட்ட எம்பொண்ணுக்குத்தான். அதுக்குன்னு ஒன் வாயி இன்னாத்துக்கு?"

தாளைத் திரும்பப் படித்தேன். முதல் வரி உண்மை. அதன் கீழே என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது வரியை அடித்தேன். ஒரு கோடு போதாது என்று நாலு கோடு அடித்தேன். பேனாவை மேனேஜரிடம் நீட்டினேன். நடுவில் மூத்தவள் கை வந்து அதை வாங்கிக்கொண்டது. அவளும் முதல் வரியின் கீழே போட்டாள். அப்புறம் ஆவடிக்காரி. பேனா வரிசையாகப் போனது.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரர் காபி டம்ளரோடு கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தார். "ஒரு சந்தேகம். டைட்டா வர்றது எந்த மிஷின், எந்த நாள்னு யாராவது சொல்ல முடியுமா?"

மேனேஜர் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரியாது. இன்சார்ஜைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் சென்னீர்குப்பத்துக்காரி. "வாங்க, மேஜைல வெச்சிக் காட்டறேன்." இரண்டடி நடந்தவள் நின்றாள். இன்சார்ஜ் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"டோக்கன் குடுங்க சார். அது இல்லாம மேஜைல உக்காரக் கூடாதுல்ல?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இன்சார்ஜ் சட்டைப்பையிலிருந்து டோக்கனை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்து, ஷெட்டே திரும்பிப் பார்க்கிற குரலில் பேச ஆரம்பித்தாள்.